பனிமலை ஆசான் டென்சிங் நார்கே

கல்வியென்றவுடன் ஏடும் எழுத்துமே நம் நினைவிற்கு வருகின்றன. ஆயின், ஏட்டில் எழுதிக் காட்டவொண்ணாத கல்விகளும் உலகத்தில் பல உள. நீந்துதலை நீரிலிறங்கியன்றிக் கற்றவர் யாருமிலர். அத்தகைய கல்விகளுள் மிகக் கடுமையானது பனிமலை ஏறுங் கல்வியாகும். ஏனைய கல்விகளிற் பிழை செய்தவன் மீண்டும் எழுதித் தேறலாம். இக்கல்வியிற் பிழை செய்தவனுக்கு மறுதேர்வு கிட்டுவது அரிது. இத்தகைய கல்வியை இருபதாண்டளவாகத் தாம் பெரும்பாடுபட்டுக் கற்று, பின்னர் இருபத்திரண்டு ஆண்டுகள் பிறர்க்குக் கற்பித்த பெரியார் டென்சிங் நார்கே. எவரெஸ்டுச் சிகரத்தில் முதன்முதல் அடிவைத்த இருவருள் ஒருவர் இவரென்பதை அறியாதார் இலர். அவர் ஓர் ஆசிரியராய் விளங்கிய வரலாற்றை அறிந்தவர் சிலரே. அவ்வரலாற்றையே ஈண்டுச் சுருக்கிக் கூறுவோம்.

டென்சிங் 1914-ஆம் ஆண்டில் இமயமலையின் நடுவே பிறந்தவர். ஷெர்பா என்னும் மலைவாழ் மக்களுள் எருமையினும் சடைமிக்க யாக் என்னும் மாடுகளை மேய்த்து வாழ்ந்த மிங்மா என்பவர் இவர் தந்தையார். உடன்பிறந்தார் பதின்மூவர், அவருள் இவர் பதினோராமவர். பெற்றோர் முதலில் இட்ட பெயர் நம்கியால் வாங்டி. பின்னர் ரோங்புக் மடத்து லாமா ஒருவர் கூறியவாறு, செல்வமும் நற்பேறும் வாய்ந்த சமயநெறியாளன் என்று பொருள்படும் டென்சிங் நார்கே என்னும் பெயரை மாற்றியிட்டனர். நேபாளத்தின் கும்புப் பகுதியில் எவரெஸ்டின் நிழலிலே அவர் வளர்ந்தார். துறவியாகும்படி மடத்தில் விடப்பட்டும் அங்குத் தங்கினாரிலர். பள்ளிக்கூடம் என்பது அப்பகுதியில் இல்லை. எழுதவும் படிக்கவும் கற்கும் வாய்ப்பு அவர்க்குக் கிட்டவேயில்லை. எனினும், பிற்காலத்திற் பல மொழிகளைக் கேள்வியறிவாற் பேசும் ஆற்றல் பெற்றார்.

அக்காலத்தில் இமயச் சிகரங்களை ஏற விரும்பிய மேனாட்டார் டார்ஜிலிங் நகரத்திலேதான் சுமையாட்களைத் திரட்டுவர். அதனைக் கேள்வியுற்ற டென்சிங் 1932-ஆம் ஆண்டில் வீட்டைவிட்டு அந்நகரம் போந்தார். மறு ஆண்டில் ஆங்கிலேயர் எவரெஸ்டுப் பயணத்திற்கு ஆட்களைத் தெரிந்தபோது இவர் தெரிந்தெடுக்கப்படவில்லை. மனந்தளராது காத்திருந்தார். 1935-ஆம் ஆண்டில் எரிக் ஷிப்டன் என்பவர் ஆட்களைத் தேர்ந்துகொண்டிருக்கையில், வரிசையில் நின்ற இளைஞருள் இவருடைய மலர்ந்த முகத்தைக் கண்டு தம்முடன் வர இசைவளித்தார். அந்நாள் முதல் அவருடைய பனிமலைக் கல்வி தொடங்கிற்று.

அக்கல்வி எத்தகையது என்பதை நாம் உணர்தல் வேண்டும். சுமையாட்களுக்குப் பாடஞ் சொல்லுவார் ஒருவருமிலர். முதுகிற் பாரத்தைச் சுமந்துகொண்டு, முன்செல்வார் பனிக்கோடரியால் எவ்வாறு படி வெட்டுகின்றனர், கயிற்றினை எவ்வாறு முடிச்சிடுகின்றனர் என்பவற்றைக் கண்ணாற் கண்டு கையாற் பழகிக்கொள்ளுதலே அவர்க்கு வாய்த்த பள்ளி. 1936-ஆம் ஆண்டிலும் 1938-ஆம் ஆண்டிலும் அவர் மீண்டும் எவரெஸ்டுக்குச் சென்றார். 1938-இல் 27,000 அடிக்கு மேற்பட்ட உயரம்வரை சுமை கொண்டு சென்றமைக்காகப் புலி என்னும் சிறப்புப் பெயரும் பதக்கமும் பெற்றார். இவ்வாறு கற்றவர் பலர் கற்கும்போதே மாண்டனர். ஆசிரியனில்லாக் கல்விக்கு ஷெர்பாக்கள் கொடுத்த விலை அதுவாகும்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் அவர் நிலை உயர்ந்தது. 1946-லும் 1950-லும் டேராடூன் நகரத்து டூன் பள்ளியின் ஆசிரியரான கிப்ஸன் என்பவருடன் பந்தர்பூஞ்ச் மலைக்குச் சென்றார். 1950-இல் அதன் உச்சியையும் அடைந்தார். ஓர் ஆசிரியர் விடுமுறையைப் பயன்படுத்தி மலைக்குச் செல்லுதலையும், மாணவரையும் அதில் ஈடுபடுத்துதலையும் அவர் அங்குக் கண்டார். 1947-இல் ஸ்விட்ஸர்லாந்து நாட்டார் கட்வால் மலைகளுக்கு வந்தபோது, தலைமைச் சுமையாளர் விழுந்து காயமுற்றமையால், அப்பொறுப்பு டென்சிங்குக்குக் கிடைத்தது. அந்நாட்டாரோடு கேதார்நாத் சிகரத்தை ஏறினார். வழிகாட்டுதலை ஒரு மதிப்புள்ள தொழிலாகவே தலைமுறை தலைமுறையாகப் பயின்றுவருபவர் ஸ்விஸ் மலைவாணர். அவர்கள் அவரை ஏவலாளாக நடத்தாது தோழராகவே நடத்தினர்.

1951-ஆம் ஆண்டின் இறுதியில் நிகழ்ந்த ஒரு துன்பம் அவர் உள்ளத்தில் ஆழப் பதிந்தது. ஜார்ஜ் ஃப்ரே என்னும் ஸ்விஸ் நாட்டவருடன் கஞ்சன்ஜங்காவுக்குத் தெற்கேயுள்ள மலைகளுக்கு அவர் சென்றிருந்தார். இறுகிய பனிச்சரிவில் ஏறுவோர் காலணியின் அடியில் கூரிய இரும்பு முட்கள் பொருந்திய சட்டமொன்றைப் பூட்டிக்கொள்வது வழக்கம். டென்சிங் அதனைப் பூட்டிக்கொண்டார். சரிவு எளிதென்று கருதிய ஃப்ரே பூட்டிக்கொள்ளவில்லை. சிறிது தொலைவு ஏறியபின் ஃப்ரே கால் வழுக்கி மேலிருந்து விழுந்தார். தம்மைக் கடந்து விழும் நண்பரைப் பிடிக்க டென்சிங் கையை நீட்டினார். விரல் முறிந்ததேயன்றி வீழ்ச்சி தடைப்படவில்லை. கீழே சென்று பார்க்கையில் ஃப்ரே உயிருடன் இல்லை. சரிவு கடுமையானதன்று, ஃப்ரே மலைக்குப் புதியவருமல்லர். சில நிமிடச் செயலொன்றைத் தேவையில்லையென்று விட்டமையே ஓர் உயிருக்கு இறுதியாயிற்று.

1952-இல் ஸ்விஸ் நாட்டார் இருமுறை எவரெஸ்டை முயன்றனர். ரேமண்ட் லாம்பெர்ட் என்னும் ஜெனீவா நகரத்து வழிகாட்டி டென்சிங்கின் தோழராயினார். லாம்பெர்ட் 1938-ஆம் ஆண்டின் குளிர்காலத்து மலையேற்றமொன்றில் உறைபனியாற் கால்விரல்களை இழந்தவர். இழந்தும் மலையை விடாதவர். இருவரும் 8,400 மீட்டர் அளவினதான உயரத்தில், உறங்குபையும் அடுப்பும் இன்றி, மெழுகுதிரிச் சுடரில் பனிக்கட்டியை உருக்கி நாவை நனைத்துக்கொண்டு, உறங்கினால் உயிர் போமென அஞ்சி ஒருவரையொருவர் தட்டித் தேய்த்துக்கொண்டு ஓர் இரவைக் கழித்தனர். மறுநாள் ஏறத்தாழ 8,595 மீட்டர் வரை ஏறித் திரும்பினர். இன்னும் சிறிதே எஞ்சியிருந்தது. எனினும், இறங்குதற்குரிய வலிமையையுஞ் சேர்த்துக் கணக்கிடத் தெரிந்தமையால் அவர்கள் உயிரோடு மீண்டனர்.

1953-ஆம் ஆண்டில் ஜான் ஹண்ட் தலைமையில் ஆங்கிலேயர் சென்றபோது டென்சிங்கும் உடன் சென்றார். ஏப்ரல் மாதத்தில் ஒரு நாள் நியூஸிலாந்து நாட்டவராகிய எட்மண்ட் ஹில்லாரியும் இவரும் ஒரே கயிற்றாற் பிணைந்து கும்புப் பனிவீழ்ச்சியின் வழியே விரைந்து இறங்கினர். பனிப்பிளவொன்றைத் தாண்டிய ஹில்லாரி, காலூன்றிய பனித்திட்டு உடைந்தமையாற் பிளவினுள் வீழ்ந்தார். பின்வந்த டென்சிங் நொடிப்பொழுதிற் கோடரியைப் பனியிற் பாய்ச்சிக் கயிற்றை அதிற் சுற்றி இறுக்கி வீழ்ச்சியை நிறுத்தினார். எண்ணிப் பார்த்துச் செய்தற்கு அங்கே பொழுதில்லை; பழகிய கை தானே செய்தது. அப்பழக்கத்தினாலேயே மே 29-ஆம் நாள் முற்பகல் 11.30 மணிக்கு அவ்விருவரும் உலகின் முடியில் நிற்றல் இயல்வதாயிற்று. முதலில் அடிவைத்தவர் யாவரென உலகோர் வினவியபோது, ஒரு கயிற்றாற் பிணைந்தவர்க்கு அவ்வினா பொருந்தாதென்பதே அவர்கள் கொள்கையாயிருந்தது. பின்னர் 1955-இல் வெளிவந்த தம் வரலாற்று நூலில், ஹில்லாரியே முன்னர் அடிவைத்தாரென்று டென்சிங் மனமுவந்து கூறிவிட்டார்.

புகழின் உச்சியில் நின்ற அவரை நோக்கி ஜவஹர்லால் நேருவும் வங்காள முதலமைச்சர் பிதான் சந்திர ராயும் ஒரு வேண்டுகோள் விடுத்தனர். டென்சிங் ஒருவராய் இருத்தல் போதாது. அவரைப்போல் ஆயிரவர் இந்நாட்டில் தோன்றவேண்டும் என்பது நேருவின் விருப்பம். அதற்கென டார்ஜிலிங்கில் ஒரு பள்ளி நிறுவக் கருதினர். இவ்வேளையில் டென்சிங் செய்த செயல் நாம் ஊன்றி நோக்கற்பாலது. உலகத்தின் மிகவுயர்ந்த சிகரத்தை ஏறிய அம்மனிதர், 1954-இல் சில ஷெர்பாத் தோழரோடு ஸ்விட்ஸர்லாந்து சென்று, ஆர்னால்ட் கிளாட்ஹார்ட் என்னும் வழிகாட்டி ரோசன்லாவியில் நடத்திய மலையேற்றப் பள்ளியிற் பயிற்சி பெற்றார். ஏறத் தெரிந்தவர் யாவரும் ஏறக் கற்பிக்கத் தெரிந்தவரல்லர் என்பதை அவர் உணர்ந்திருந்தார். நாற்பது வயதில், உலகப் புகழோடு, முடிச்சிடும் பாடத்திலிருந்து மீண்டுந் தொடங்குவதற்கு எத்துணை அடக்கம் வேண்டும்!

1954-ஆம் ஆண்டு நவம்பர் 4-ஆம் நாள் இமயமலையேற்றப் பயிற்சிக் கழகம் டார்ஜிலிங்கில் தோன்றியது. டூன் பள்ளியின் பழைய மாணவராகிய மேஜர் நரேந்திர ஜயால் அதன் முதல் தலைவரானார்; டென்சிங் களப்பயிற்சி இயக்குநரானார். 1958-இல் சோ ஓயு மலைக்குச் சென்ற ஜயால், உயரத்தால் விளைந்த நோயால் அங்கேயே உயிர்துறந்தார். அனுபவமிக்கவரையும் மலை விடுவதில்லை என்பதற்கு அது மற்றொரு சான்று.

அக்கழகத்திற் கற்பிக்கப்படுவன யாவை? முதலில், நகரத்தை அடுத்துள்ள பாறைகளிற் கயிறும் முடிச்சும் பழக்கப்படும். அவற்றுள் ஒன்று இன்று டென்சிங் பாறை என்றே வழங்குகின்றது. பின்னர் மாணவர் தம் சுமையைத் தாமே சுமந்து, மேற்குச் சிக்கிமில் யுக்சம், ஜோங்ரி ஆகிய ஊர்களின் வழியே நடந்து, ராதோங் பனியாற்றை அடுத்த சௌரிகாங் என்னும் பாசறையை அடைவர். 14,000 அடிக்கு மேற்பட்ட அவ்விடத்தில் ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் உயிர்வளி, கடற்கரையிற் கிடைப்பதில் ஐந்தில் மூன்று பங்கேயாகும். ஆதலின், மெல்ல ஏறுதலும், பகலில் உயர ஏறி இரவிற் கீழிறங்கி உறங்குதலும் முதற்பாடமாகும்.

பனியாற்றின்மேல் அடுத்த பாடங்கள் நிகழும். முட்சட்டம் பூட்டிய காலை எவ்வாறு பதித்தல் வேண்டும், பனிக்கட்டியில் எவ்வாறு படி வெட்டல் வேண்டும், மூடுண்ட பனிப்பிளவைக் கோடரியாற் குத்தி எவ்வாறு அறிதல் வேண்டும், பிளவில் வீழ்ந்தவனைக் கயிற்றால் எவ்வாறு மேலெடுத்தல் வேண்டும் என்பன கற்பிக்கப்படும். இவற்றுள் விந்தையானது வீழக் கற்றல். அடியில் அபாயமில்லாத சரிவொன்றில் மாணவன் வேண்டுமென்றே வழுக்கி வீழ்வான். வீழ்கையில் குப்புறத் திரும்பி, உடற்பாரம் முழுதையுங் கோடரித் தலைமேற் சுமத்தி, அதன் அலகைப் பனியில் அழுத்தி நிற்பான். ஒருமுறையன்று, பன்முறை இங்ஙனஞ் செய்வான். உண்மையாகவே வீழும் நாளில் எண்ணுதற்குப் பொழுதிராதாகலின், கை தானே அறிந்து செய்யுமளவும் பழகுதலே இப்பயிற்சியின் நோக்கம்.

பழைய சுமையாட்களுக்கு இப்பாடங்கள் ஒருவராலும் சொல்லப்படவில்லை. அவர்கள் உயிரைக் கொடுத்துக் கற்றவற்றை, உயிரைக் கொடாமலே கற்கும்படி செய்தமை டென்சிங்கின் பெருந்தொண்டு. கூலியென்று அழைக்கப்பட்ட ஷெர்பாக்கள் அக்கழகத்தில் ஆசிரியராய் நிற்க, படைத்தலைவரும் பட்டதாரிகளும் அவர்முன் மாணவராய் நின்றனர். அவருடைய மருமகன் முறையினரான நவாங் கோம்பு அங்கு ஆசிரியராயிருந்து, 1963-லும் 1965-லும் எவரெஸ்டை ஏறி, அதனை இருமுறை ஏறிய முதல் மனிதரென்னும் பெருமை பெற்றார். அக்கழகத்து மாணவர் ஏறிப் பழகும் சிகரங்களுள் ஒன்றன் பெயர் ஃப்ரே. முட்சட்டம் பூட்டாத நண்பரின் பெயரைத் தாங்கிய அச்சிகரத்தில், முட்சட்டத்தை இறுகப் பூட்டிய இளைஞர் ஆண்டுதோறும் ஏறி நலமே இறங்குகின்றனர். ஆசானொருவர் தம் நண்பர்க்கு எழுப்பக்கூடிய நினைவுச்சின்னம் இதனினும் சிறந்தது வேறுண்டோ?

1959-இல் இந்திய அரசாங்கம் அவர்க்குப் பத்மபூஷண் விருதளித்தது. 1976-இல் அவர் பணியினின்று ஓய்வு பெற்றார். 1986-ஆம் ஆண்டு மே 9-ஆம் நாள் டார்ஜிலிங்கிற் காலமானார். அக்காலத்தில் தம் நாட்டின் தூதராய் டில்லியிலிருந்த ஹில்லாரி, இறுதிச் சடங்கிற்கு வந்து பழைய கயிற்றுத் தோழர்க்கு மரியாதை செலுத்தினார். அவர் கற்பித்த அக்கழகத்தின் நிலத்திலேயே அவர் உடல் தீயிடப்பட்டது. பத்துமாண்டு கழித்து அவர் மைந்தர் ஜாம்லிங் எவரெஸ்டின் முடியை அடைந்தார்.

நம்மிற் பலர் பனிமலையைக் கண்டதுமிலர், காணப்போவதுமிலர். ஆயினும், ஒவ்வொருவர் வாழ்விலும் வழுக்கும் சரிவொன்று உண்டு. அங்கே கைகொடுப்பது, ஆபத்தில்லாத நாளில் அலுப்பின்றிச் செய்த பழக்கமேயாகும். எளிதென்று தோன்றும் இடத்திலும் முட்சட்டத்தைப் பூட்டுக. கற்றவற்றைப் பிறர்க்குக் கற்பிக்குமுன் மீண்டும் ஒருமுறை மாணவராகுக. எழுத்தறியாத அவ்வாசான் தம் வாழ்வால் நமக்கு விட்டுச்சென்ற பாடம் இதுவே.