டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார்

தம் மனையிற் புகுந்த துயரத்தைத் தம் மனையளவில் அழுது தீர்த்துக் கொள்வோரே உலகத்திற் பலராவர். அத்துயரம் பிறர் மனையிற் புகாவண்ணம் தடுத்தல் வேண்டுமென்று துணிந்து, அத்துணிவை ஆயுள் முழுதும் கைவிடாது நின்றோர் மிகச் சிலர். அச்சிலருள் ஒருவராகிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரின் சரித்திரத்தை நம் சங்கத்துச் சகோதர சகோதரிகளின் முன் சுருக்கமாக வைக்க விரும்புகின்றோம்.

அம்மையார் நம் சங்கத்தைச் சேர்ந்தவரல்லர். நம் ஜில்லாவில் வாழ்ந்தவருமல்லர். அங்ஙனமாக, அவர் வரலாறு இப்பத்திரிகையில் இடம் பெறுவானேன் எனச் சிலர் வினவக்கூடும். ஓசூரிலிருந்து விடியற்காலையிற் பெங்களூருக்குப் புறப்படும் பஸ்களில் தொழிற்சாலைக்கும் கல்லூரிக்கும் செல்வோரோடு, மடியில் ஒரு பையும் பைக்குள் பரிசோதனைக் காகிதங்களுமாக வாய்பேசாது அமர்ந்திருப்போர் சிலரையும் நாம் கண்டிருக்கின்றோம். அவர்கள் செல்லுமிடம் புற்றுநோய் ஆஸ்பத்திரி. அவர்களில் நம்மவரும் உளர். ஆயினும், நம் கூட்டங்களில் அந்நோயின் பெயரை எவரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. சொல்லாமையே அந்நோய்க்குப் பெருந்துணை என்பதை அம்மையாரின் வாழ்க்கை காட்டுகின்றது. ஆதலின், அவர் சரித்திரம் நமக்கும் உரியதேயாம்.

இளமையும் கல்வியும்

அம்மையார் 1886-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 30-ஆம் தேதி புதுக்கோட்டை சமஸ்தானத்திற் பிறந்தார். தந்தையார் நாராயணசாமி ஐயர், கல்வித் துறையிற் பெயர் பெற்றவர். தாயார் சந்திரம்மாள், தேவதாசிக் குலத்திற் பிறந்தவர். இவ்விருவர் மகளாகப் பிறந்தமையின், தந்தையின் குலமும் தம்மவள் என்று கொள்ளாது, தாயின் குலமோ ஊராரால் இழித்துப் பேசப்படுவதாயிருந்த நிலையில் அம்மையார் வளர்ந்தார். பிறப்பினால் ஒருவரை அளக்கும் வழக்கத்தின் கொடுமையை ஏட்டிற் படித்தறிந்தவரல்லர் அவர், இளமையிலேயே பட்டறிந்தவர்.

பெண் குழந்தைகள் பருவமெய்தியவுடன் பள்ளியை விட்டு நிற்பதே அக்காலத்து வழக்கம். அம்மையாரோ வீட்டிலிருந்தே பாடங் கேட்டு மெட்ரிகுலேஷன் பரீட்சையில் தேறினார். மேலே படிப்பதற்குப் புதுக்கோட்டையில் மகாராஜா கல்லூரி ஒன்றே இருந்தது. அஃது ஆடவர்க்கே உரியது. ஒரு பெண், அதிலும் இத்தகைய பிறப்புடைய பெண், அங்கே நுழைதல் ஆகாதென்று சிலர் எதிர்த்தனர். மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அவ்வெதிர்ப்பைப் பொருட்படுத்தாது அநுமதி அளித்தார். பின்னர் 1907-ஆம் ஆண்டில் சென்னை வைத்தியக் கல்லூரியிற் சேர்ந்த அம்மையார், 1912-ஆம் ஆண்டில் சிறப்புறத் தேறி டாக்டர் பட்டம் பெற்றார். எழும்பூர் அரசாங்கப் பிரசவ ஆஸ்பத்திரியில் முதற் பெண் ஹவுஸ் சர்ஜனாய் அமர்ந்து பணி புரிந்தார்.

1914-ஆம் ஆண்டில் டாக்டர் சுந்தர ரெட்டியாரை மணந்தார். தம்மைச் சமமாக மதித்தல் வேண்டும், தம் விருப்பப் பணிகளுக்குத் தடை செய்தல் ஆகாது என்னும் உடன்பாட்டின் பேரிலேயே அவர் இவ்விவாகத்திற்கு இசைந்தனர். ரெட்டியாரும் சொன்ன சொல் தவறாது இறுதிகாறும் துணை நின்றார்.

தங்கையின் மரணம்

வைத்தியராக நற்பெயர் பெற்று வந்த காலத்தில், 1923-ஆம் ஆண்டில், அம்மையாரின் குடும்பத்தில் ஒரு பேரிடி விழுந்தது. அவருடைய இளைய சகோதரி மலக்குடலிற் கண்ட புற்றுநோயினால் உயிர் துறந்தார். எத்தனையோ பெண்மக்களை மரணத்தின் வாயினின்று மீட்ட கைகள், உடன்பிறந்தாளை மீட்க வழியறியாது நின்றன. வைத்தியர் வீட்டுக்கே இக்கதி யெனின், வைத்தியரை அணுகவும் வகையற்ற ஏழைகளின் கதி என்னாகும் என்ற எண்ணம் அம்மையாரின் உள்ளத்தில் அன்று வேரூன்றியது. அந்நாளில் தென்னாட்டில் இந்நோய்க்கென்று தனி வைத்தியசாலை யாதொன்றும் இல்லை. அதனை நாட்டில் ஏற்படுத்தியே தீர்வதென்று அவர் உறுதி பூண்டார்.

1925-ஆம் ஆண்டில் பெண்கள், குழந்தைகளின் நோய்களைப் பற்றி மேலும் பயிலும் பொருட்டு இங்கிலாந்து சென்றபோது, லண்டன் நகரத்துப் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கும் சென்று அந்நோயின் இயல்பையும் சிகிச்சை முறைகளையும் கற்று வந்தார். துயரத்தை அறிவாக மாற்றிக் கொண்ட செயல் இதுவேயாம்.

சட்டசபைப் பணி

நாடு திரும்பிய அம்மையார், 1926-ஆம் ஆண்டில் சென்னைச் சட்டசபையில் அங்கத்தினராக நியமனம் பெற்று, மறு ஆண்டிலேயே அதன் உபதலைவராகவும் தேர்ந்தெடுக்கப்பெற்றார். அங்கே அவர் எடுத்துக் கொண்ட முதற் பெரும் காரியம், கோயில்களிற் பெண்மக்களைப் பொட்டுக்கட்டி விடும் வழக்கத்தை ஒழிப்பதாகும். தம் தாயார் பிறந்த குலத்தைப் பற்றிய இப்பேச்சை அவர் தவிர்த்திருப்பின், அவரைக் குறை கூறுவார் எவருமிலர். தம் பிறப்பை ஊரார் மறந்திருக்கவும் கூடும். அவரோ நாடறியும்படி அச்சபையில் எழுந்து நின்று அவ்வழக்கத்தின் தீமையை எடுத்துரைத்தார். 1929-ஆம் ஆண்டில் இதன் பொருட்டு ஒரு சட்டம் நிறைவேறியது. பொட்டுக்கட்டுதலை முற்றிலும் தடுக்கும் சட்டம் 1947-ஆம் ஆண்டில் வந்தது. மறைத்து வைத்த புண் ஆறாது என்பதை வைத்தியராகிய அவர் சமூகத்தின் புண்ணுக்கும் பொருத்திக் கண்டார் போலும்.

1930-ஆம் ஆண்டில் காந்தியடிகள் சிறைப்பட்டபொழுது தம் சட்டசபைப் பதவியைத் துறந்தார். அவ்வாண்டிலேயே, ஆதரவற்ற பெண்மக்களின் பொருட்டு அவ்வை இல்லத்தைத் தொடங்கினார்.

அடையாறு வைத்தியசாலை

இத்தனை பணிகளினிடையிலும் 1923-ஆம் ஆண்டிற் பூண்ட உறுதியை அவர் மறந்தாரல்லர். 1935-ஆம் ஆண்டில் சென்னை வைத்தியக் கல்லூரியின் நூற்றாண்டு விழா நடைபெற்றது. கற்றறிந்த பெரியோர் பலரும் கூடிய அவ்விழாவில், புற்றுநோய்க்கெனத் தனி வைத்தியசாலை ஒன்று வேண்டுமென்னும் தம் விருப்பத்தை அம்மையார் வெளியிட்டார். அக்காலத்தில் இந்நோய் தீராநோயென்றே பலரும் எண்ணியிருந்தனர். இறப்பது உறுதியாயிருக்க, பொருள் செலவிட்டு ஆஸ்பத்திரி கட்டுவதாற் பயனென்ன என்ற எண்ணம் பாமரரிடத்து மட்டுமன்றி, அதிகாரம் படைத்தோரிடத்தும் இருந்தது. ஆண்டுகள் உருண்டன. 1941-ஆம் ஆண்டிற் பம்பாய் நகரத்தில் டாட்டா நினைவு ஆஸ்பத்திரி இந்நோய்க்கெனத் திறக்கப்பெற்றது. சென்னையிலோ அம்மையாரின் கனவு கனவாகவே நின்றது.

அம்மையார் சோர்ந்தாரல்லர். 1949-ஆம் ஆண்டில் இந்திய மாதர் சங்கத்தின் வாயிலாகப் புற்றுநோய் நிவாரண நிதியொன்றை ஏற்படுத்தினார். முதுமையையும் பாராது வாயில்தோறும் சென்று உதவி வேண்டினார். தம் புதல்வர் டாக்டர் கிருஷ்ணமூர்த்தி வெளிநாடு சென்று இந்நோய்க்குரிய வைத்தியத்தைப் பயின்று வரச் செய்து, அவரையும் இப்பணிக்கே ஒப்படைத்தார். 1952-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 10-ஆம் தேதி அடையாற்றில் ஜவஹர்லால் நேரு அடிக்கல் நாட்டினார். அப்பொழுது சென்னை ராஜ்யத்தின் முதலமைச்சராயிருந்தவர், நம் ஓசூரை அடுத்த தொரப்பள்ளியிற் பிறந்த ராஜாஜி என்பது நாம் நினைவு கூரத்தக்கது.

1954-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 18-ஆம் தேதி வைத்தியசாலை நோயாளருக்குத் திறக்கப்பெற்றது. படுக்கைகள் 12. தங்கை மறைந்து ஆண்டுகள் 31 சென்றிருந்தன. அம்மையாருக்கு வயது 67. மறு ஆண்டில் டாக்டர் சாந்தா என்னும் இளம்பெண் வைத்தியர் அங்கு வந்து சேர்ந்து, 2021-ஆம் ஆண்டிற் காலமாகும் வரையில் அதற்கே தம்மை அளித்தார். 1957-ஆம் ஆண்டிற் கோபால்ட் கதிர்ச் சிகிச்சைக் கருவி வந்தது. 1960-ஆம் ஆண்டிற் குழந்தைகளுக்கெனத் தனிப் பகுதி ஏற்பட்டது. வறியோர்க்கு இலவசமாகவோ குறைந்த செலவிலோ சிகிச்சை யளித்தலை அந்நிலையம் தன் நெறியாகக் கொண்டது. அங்கே படுக்கைக்குப் படுக்கை ஜாதி கேட்பாரில்லை. நோய்க்கு ஜாதியில்லாதபோது மருந்துக்கு ஏது?

1956-ஆம் ஆண்டில் அரசாங்கத்தார் அம்மையாருக்குப் பத்மபூஷண் விருதளித்தனர். 1968-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 22-ஆம் தேதி அம்மையார் இவ்வுலக வாழ்வை நீத்தார். அவர் தொடங்கிய சிறு வைத்தியசாலை பெரிய நிலையமாய் வளர்ந்து ஓங்கி நிற்கின்றது.

நாம் கற்க வேண்டுவது

இனி, நம்மிடத்திற்கு வருவோம். அம்மையாரின் தங்கை மறைந்த காலத்தில் இல்லாத வசதிகள் நமக்கு உண்டு. ஓசூரிலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில், நம் ஊரின் பெயரையே தாங்கிய ஓசூர் சாலையில், 1973-ஆம் ஆண்டில் ஏற்பட்ட கித்வாய் புற்றுநோய் நிலையம் இருக்கின்றது. கிருஷ்ணகிரியில் 2022-ஆம் ஆண்டு முதல் அரசாங்க வைத்தியக் கல்லூரி நடைபெறுகின்றது. வீடு தேடிச் சென்று நோயாளரைப் பேணும் மக்களைத் தேடி மருத்துவம் என்னும் திட்டம் 2021-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 5-ஆம் தேதி தொடங்கப்பெற்றதும் நம் ஜில்லாவின் சாமனப்பள்ளிக் கிராமத்திலேயாம். இவ்வளவும் இருந்தும், நம்மவர் பலர் நோய் முற்றிய பின்னரே வைத்தியரிடம் செல்கின்றனர். காரணம் வறுமை மட்டுமன்று, நாணமும் அச்சமுமேயாம்.

நம் வீடுகளில் நிகழ்வதை நாமறிவோம். மகளுக்கு வரன் பேசிக் கொண்டிருக்கும் வேளையில், தாய் தன் மார்பிற் கட்டியொன்று தட்டுப்படுவதை உணர்கின்றாள். வெளியிற் சொன்னாற் சம்பந்தம் கலைந்துவிடுமோ என்றஞ்சி, தாலி ஏறும் வரையில் வாய் திறவாதிருக்கின்றாள். கலியாணம் முடிந்து, மறுவீடும் முடிந்து, அவள் வைத்தியரிடம் செல்லும்பொழுது, சிறு சிகிச்சையிற் போயிருக்க வேண்டியது உயிரைக் கேட்கும் நிலைக்கு வந்துவிடுகின்றது. இதற்கு அத்தாயைக் குறை கூறுதல் தகாது. அவள் அஞ்சியது நோய்க்கன்று, நமக்கே அஞ்சினாள். வரன் பதிவேட்டை வைத்துக் கொண்டு, அந்த வீட்டில் அந்த நோயாமே என்று காதோடு காதாகப் பேசுவோர் நாமன்றோ?

புற்றுநோய் தொற்றுநோயன்று. பரம்பரையாக வருவது நூற்றில் 5 முதல் 10 வரையே என்று வைத்திய சாஸ்திரம் கூறுகின்றது. உலக சுகாதார ஸ்தாபனத்தாரின் கணக்கின்படி, புற்றுநோய்களில் நூற்றுக்கு 30 முதல் 50 வரை வாராமலே தடுக்கத்தக்கவை. அவற்றுள் முதன்மையான காரணம் புகையிலை. இரவு முறை வேலை செய்யும் இளைஞர் தூக்கத்தை விரட்ட வாயில் அடக்கிக் கொள்ளும் புகையிலைப் பொட்டலமும், பெரியவர்கள் வெற்றிலையோடு சேர்க்கும் புகையிலைத் துண்டும் வாய்ப்புற்றுக்கு வாயில் திறப்பன. பெண்களின் கருப்பை வாய்ப் புற்றுக்குப் பெரும்பாலும் காரணமாயிருப்பது ஒரு நுண்கிருமி. அதைத் தடுக்கும் ஊசி உண்டு. 9 வயது முதல் 14 வயதுக்குட்பட்ட பெண் குழந்தைகளுக்கு அதைப் போடுதல் மிக்க பயனளிக்கும். முப்பது வயது கடந்தோர்க்கு வாய், மார்பு, கருப்பை வாய் ஆகியவற்றைச் சோதிக்கும் ஏற்பாடு அரசாங்க சுகாதார நிலையங்களில் இருக்கின்றது.

மூன்று வாரங்களாகியும் ஆறாத வாய்ப்புண், மார்பிற் கட்டி, மாதவிலக்கு நின்ற பின்னர்க் காணும் உதிரம், மூலமென்று நாமே முடிவு செய்து கொள்ளும் மலத்திலுள்ள இரத்தம், உணவு விழுங்குகையிற் காணும் தடை ஆகிய இவற்றுள் எதையும் மறைத்தலாகாது. இவையெல்லாம் புற்றுநோயே என்பதில்லை. அன்றென்று சொல்ல வேண்டியவர் வைத்தியரே. தொடக்கத்தில் அறியப்பட்ட நோய்களிற் பல குணமாகின்றன.

ஆதலின், நம் சங்கத்தார்க்கு ஒரு விண்ணப்பம். அடுத்த ஆண்டுக் கூட்டத்தில், பரிசளிப்புக்கும் விருந்துக்கும் நடுவே, பெண்மக்களுக்கும் ஆடவர்க்கும் இப்பரிசோதனை நடைபெற ஏற்பாடு செய்வோமாக. வரன் பேசுகையில் ஒரு வீட்டில் இந்நோய் கண்டதைக் குறையாக எண்ணுவதில்லை என்று ஒவ்வொரு குடும்பத் தலைவரும் உறுதி கூறுவாராக. இரண்டாவதே அரிது, அது நிறைவேறினால் முதலாவது தானே நிறைவேறும்.

தம் குலத்தின் குறையையும் தம் வீட்டின் துயரத்தையும் மறைக்காது வெளிக்கொணர்ந்து, இரண்டுக்கும் மருந்து தேடிய பெருமாட்டி முத்துலட்சுமி அம்மையார். அவர் படத்தை மாட்டி மாலையிடுதல் எளிது. அவர் பெயரால் நம் வீட்டுத் தாய்மார் ஒருவரேனும் அஞ்சாது காலத்தில் வைத்தியரை நாடுவாராயின், அதுவே அவருக்கு நாம் சூட்டும் மாலையாகும்.