நூலகக் கதவைத் திறந்த அறிஞர் ஜஸ்டின் வின்ஸர்

புத்தகம் கிழிந்துவிடுமே என்று அஞ்சி அதனை அலமாரியில் வைத்துப் பூட்டுவோர் ஒரு சாரார். படிப்பாரற்றுக் கிடப்பதே புத்தகத்திற்குப் பெருங்கேடு என்று எண்ணுவோர் மற்றொரு சாரார். இரண்டாம் சாராருள் முன்னணியில் வைத்துப் போற்றத் தக்கவர், அமெரிக்க நாட்டு நூலகரும் வரலாற்றாசிரியருமான ஜஸ்டின் வின்ஸர் ஆவார். அன்னாரின் வாழ்க்கையைச் சுருக்கமாகக் கூற முற்படுகின்றோம்.

வின்ஸர் 1831-ஆம் ஆண்டு ஜனவரி 2-ஆம் நாள் பாஸ்டன் நகரில் ஒரு வணிகர் குடும்பத்தில் பிறந்தார். இளமையிலேயே பழைய ஏடுகளிலும் ஊர்ச் செய்திகளிலும் அவருக்குத் தணியாத வேட்கை இருந்தது. ஹார்வர்டு கல்லூரியில் சேர்ந்த 1849-ஆம் ஆண்டிலேயே, டக்ஸ்பரி என்னும் ஊரின் வரலாற்றை நூலாக வெளியிட்டார். அப்போது அவருக்கு வயது பதினெட்டு. ஆயினும் கல்லூரிப் பாடமுறை அவர் உள்ளத்திற்கு ஒவ்வவில்லை. பட்டம் பெறாமலே வெளியேறி, ஐரோப்பா சென்று, பாரிஸிலும் ஹைடெல்பர்க்கிலும் தங்கி மொழிகளைக் கற்றார். பட்டத்தை ஹார்வர்டு அவருக்கு வழங்கியது 1868-இல்தான்.

மெட்ரிகுலேஷனோடு படிப்பை நிறுத்திக்கொண்டு, ரயில்வே அலுவலகத்தில் பேரேடு எழுதிக் காலங்கழிக்கும் எம் போன்றோருக்கு இச்செய்தி சற்று ஆறுதல் அளிக்கின்றது. அவர் வசதி படைத்த குடும்பத்துப் பிள்ளை; எமக்கு வாய்க்காத ஓய்வும் பொருளும் அவருக்கு வாய்த்தன என்பதை மறைப்பதற்கில்லை. எனினும் வகுப்பறைக்கு வெளியே புத்தகங்களையே ஆசானாகக் கொண்டு வளர்ந்தவர் அவர். பூட்டிய நூலகம் எத்தகைய இழப்பு என்பது அத்தகையவருக்கன்றோ நன்கு விளங்கும்!

1854-இல் தாயகம் திரும்பிய வின்ஸர், பல்லாண்டுகள் பத்திரிகைகளுக்கு எழுதி வந்தார். 1867-இல் பாஸ்டன் பொது நூலகத்தின் அறங்காவலருள் ஒருவரானார். மறு ஆண்டு நூலகத் தலைவர் ஜூவெட் காலமாகவே, அப்பொறுப்பு வின்ஸரிடம் வந்தது. நூலகப் பணியில் அவருக்கு முன் பயிற்சி ஏதும் இல்லை. எந்தப் புத்தகம் எத்தனை முறை வெளியே செல்கின்றது, எவர் படிக்கின்றனர், எவர் வருவதில்லை என்று கணக்கெடுத்து, அக்கணக்கினையே வழிகாட்டியாகக் கொண்டார். நகரின் நடுவிலுள்ள நூலகத்திற்குத் தொலைவில் வாழ்வோர் வர இயலாதெனின், நூலகமே அவர்களிடம் செல்லவேண்டும் அன்றோ? 1871-இல் கிழக்கு பாஸ்டனில் கிளை நூலகம் திறக்கப்பட்டது. அமெரிக்காவில் நகர நூலகமொன்று அமைத்த முதற்கிளை அதுவே என்பர். ஆறு நாளும் உழைப்பவனுக்கு ஓய்வு ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான். அந்நாளில் நூலகத்தைத் திறத்தல் கூடாது என்று எதிர்ப்பு இருந்தது. நெடுநாள் விவாதத்திற்குப் பின் 1873-இல் ஞாயிறன்றும் கதவு திறந்தது.

1877-இல் அவர் ஹார்வர்டு பல்கலைக் கழக நூலகரானார். அவருக்கு முன் அப்பதவியில் இருந்த சிப்லி அரும்பாடுபட்டு நூல்களைச் சேர்த்தவர். இரண்டு நூல்கள் தவிர மற்றவையெல்லாம் நூலகத்தினுள் பத்திரமாக உள்ளன, அவ்விரண்டையும் மீட்டுவரவே விரைகின்றேன் என்று அவர் மகிழ்ந்து கூறியதாக வேடிக்கைக் கதை ஒன்று உண்டு. கதை மெய்யோ பொய்யோ, அக்கால நூலகரின் மனப்பாங்கை அது நன்கு காட்டுகின்றது. வின்ஸரோ, நூல்கள் அடுக்கப்பட்ட உட்பகுதிக்கே மாணவரை அனுமதித்தார். பேராசிரியர் குறிப்பிடும் நூல்களைத் தனியே எடுத்துவைத்து, வகுப்பினர் அனைவர்க்கும் கிட்டுமாறு செய்தார். சென்னைப் பல்கலைக் கழக நூலகராக விளங்கிய நம் சீர்காழி எஸ். ஆர். ரங்கநாதன் 1931-இல் வெளியிட்ட ஐந்து நூலக விதிகளுள் முதலாவது, நூல்கள் பயன்படுத்துவதற்கே என்பதாகும். அவ்விதி ஏட்டில் ஏறுமுன்பே அதனை நடத்திக்காட்டியோருள் வின்ஸரும் ஒருவர்.

1876-இல் பிலடெல்பியாவில் தோன்றிய அமெரிக்க நூலகச் சங்கத்தின் முதல் தலைவரும் அவரே. 1885 வரை அப்பொறுப்பில் இருந்தார்.

இத்தனை அலுவல்களுக்கிடையே அவர் வரலாறும் எழுதினார். பாஸ்டன் நகர வரலாற்றை 1880–81-இல் நான்கு தொகுதிகளாகவும், அமெரிக்க வரலாற்றை 1884 முதல் 1889 வரை எட்டுத் தொகுதிகளாகவும், அறிஞர் பலரைத் துணைக்கொண்டு பதிப்பித்தார். இரண்டாவது நூலில் ஒரு தனிச்சிறப்பு உண்டு. நடந்ததைக் கூறுவதோடு நில்லாமல், அச்செய்தி எந்த ஏட்டில் உள்ளது, எந்தப் பழைய வரைபடம் நம்பத்தக்கது என்பவற்றையும் அது விரித்துரைக்கின்றது. படிப்பவன் ஆசிரியரை அப்படியே நம்பவேண்டுவதில்லை; தானே சென்று ஆதாரத்தைக் கண்டு தெளியலாம். நூலகத்தில் செய்ததையே அவர் வரலாற்றிலும் செய்தார் என்க. கொலம்பஸின் நானூறாம் ஆண்டு விழாவிற்கு நாடே ஆயத்தமான வேளையில், 1891-இல் அவர் எழுதிய கொலம்பஸ் சரிதம், புகழுரைகளை ஒதுக்கி, அம்மாலுமியின் குறைகளையும் ஒளியாது உரைத்தது.

1897-இல் மீண்டும் நூலகச் சங்கத் தலைவராகி, லண்டனில் கூடிய அனைத்துலக மாநாட்டிற்குச் சென்று திரும்பிய வின்ஸர், அவ்வாண்டு அக்டோபர் 22-ஆம் நாள், ஹார்வர்டு நூலகர் என்ற பதவியில் இருந்தவாறே, இயற்கை எய்தினார்.

நம் சங்கத்திலும் ஓர் அலமாரி உண்டு. அதில் தமிழ் நூல்களும் உண்டு. கதவில் பூட்டும் உண்டு. சாவி உடையவர் இரவுப் பணிக்குச் சென்றுவிட்டால் வாரக்கணக்கில் அது திறப்பதில்லை. புத்தகங்கள் தொலையாமல் இருப்பது மெய்தான். ஆனால் இக்காலனியில் பிறந்து வளரும் நம் குழந்தைகள், தமிழ் எழுத்தையே தொலைத்துவிடுவார்களோ என்று அஞ்சுகின்றோம். ஞாயிறுதோறும் இரண்டு மணி நேரமேனும் அவ்வலமாரியைத் திறந்துவைக்கலாகாதா? பதிவேட்டுடன் அருகில் அமர்ந்திருக்க நாம் சித்தமாக உள்ளோம். ஆண்டில் இரண்டு புத்தகம் தொலைந்தால், அவற்றின் விலையையும் நாமே ஏற்போம்.