ஹாரி க்ரோ பக் துரையவர்கள்

திண்டுக்கல்லுக்கு மேற்கே, மலையடிவாரத்திலுள்ள கன்னிவாடியில், அறுவடை முடிந்த வயல்களில் கோடு கிழித்துச் சிறுவர் சடுகுடு ஆடுவதை நாம் கண்டிருக்கின்றோம். மூச்சடக்கிச் செல்லும் அவர்தம் துணிவையும், அகப்பட்டவன் திமிறும் வேகத்தையும் காண்போர் பொழுது போவதறியார். ஆயினும் நாம் சிறுபிராயத்தில் பயின்ற பள்ளியொன்றில் விளையாட்டுக்கு ஒதுக்கிய மணியைக் கணக்கு உபாத்தியாயரே எடுத்துக்கொள்வார். கேட்பாரில்லை. இக்குறையைத் தம் வாழ்நாட் பணியாக ஏற்று உழைத்த ஒருவரின் சரிதத்தை ஈண்டுச் சுருங்கக் கூறுவோம்.

பக் துரையவர்கள் 1884ஆம் ஆண்டு அமெரிக்காவில் பென்சில்வேனியா மாகாணத்தில் பிறந்தார். ஸ்ப்ரிங்பீல்டு நகரத்துக் கிறிஸ்தவ வாலிபர் சங்கக் கலாசாலையில் தேகப்பயிற்சிக் கல்வி கற்றார். 1891இல் கூடைப்பந்தாட்டம் தோன்றியதும் அக்கலாசாலையிலேதான். ஆட்டத்தையும் ஒரு சாஸ்திரமாக ஆராய்ந்து போதிக்கலாம் என்பதை அவர் அங்கே உணர்ந்திருத்தல் வேண்டும். 1919இல் இந்தியாவுக்கு வந்தார்.

அக்காலத்தில் நம் பாடசாலைகள் பலவற்றில் தேகப்பயிற்சி என்பது பட்டாளத்து டிரில்லேயாம். படையினின்று விலகியவர் கட்டளையிட, பிள்ளைகள் வரிசையில் நின்று கை கால்களை அசைப்பர். உடல் அசைந்தது, உள்ளம் மகிழவில்லை. ஆசிரியரைத் திருத்தாமல் பள்ளியைத் திருத்தல் இயலாது எனப் பக் துரையவர்கள் தெளிந்தார். ஆகவே 1920இல் சென்னையில் உடற்பயிற்சி ஆசிரியரைப் பழக்கும் பள்ளியொன்றை நிறுவினார். முதலில் சேர்ந்த மாணவர் ஐவரே! பயிற்சி ஆசிரியர் என்றால் இளப்பமாக எண்ணிய அந்நாளில், ஐவர் துணிந்து வந்ததே பெரிது என்போம். அப்பள்ளி வளர்ந்து, ஆசியாக் கண்டத்திலேயே இத்துறையில் முதல் கலாசாலை என்னும் பெயர் பெற்றது. இன்று அது நந்தனத்தில் விளங்குகிறது.

1924இல் தில்லியில் நடந்த போட்டிகளில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஓட்டவீரர்களைப் பாரிஸ் ஒலிம்பிக் பந்தயங்களுக்கு மேலாளராக அழைத்துச் சென்றவர் இவரே. பரிசுகள் கிட்டவில்லை. எனினும், திரும்பியபின் மாகாணந்தோறும் சங்கங்கள் அமையச் சிலரோடு சேர்ந்து உழைத்தார். 1927இல் இந்திய ஒலிம்பிக் சங்கம் பிறந்தது.

எனினும், ஒலிம்பிக்கினும் அவர் தொகுத்த ஆட்ட விதிகளின் நூலையே நாம் மேலாக மதிக்கின்றோம். விதி ஊருக்கு ஊர் வேறுபட்டால் இரண்டு பள்ளிகள் எதிர்த்து ஆடுவது எங்ஙனம்? ஓரூரில் தொட்டவுடன் ஆள் போனான் என்பர்; மற்றோரூரில் பிடித்து நிறுத்தினாலன்றி ஒப்பார். வழக்கு வாய்ச்சண்டையாகி, ஆட்டமே கலைந்துபோம். அச்சிட்ட விதி கையிலிருந்தால் நடுவர் சொல்லுக்கு மதிப்புண்டாம். மேனாட்டு ஆட்டங்களோடு இந்நாட்டு ஆட்டங்களையும் அவர் புறக்கணியாது போற்றியமை, அயல்நாட்டவரிடத்து அரிதாகக் காணும் குணமாம்.

கலாசாலைத் தலைமையை விடாது வகித்துவந்த பக் துரையவர்கள் 1943ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் சென்னையிலேயே காலமானார். அவரிடம் பயின்றவர்கள் அதற்குள் பள்ளிகள் பலவற்றில் ஊதலும் பந்தும் ஏந்தி மைதானத்தில் நின்றனர்.