மழைக்கு விடை கண்ட மேரி ஆண்டர்சன்



ஆண்டு மலருக்கு ஒரு மேதையின் வாழ்க்கையை எழுதித் தரச் சொல்லி சங்கத்தில் கேட்டார்கள். எடிசனையும் ஜி.டி. நாயுடுவையும் எழுத ஆள் இருக்கிறார்கள். லாரி டிரைவர் மகளான நான் எடுத்துக்கொண்டது, வண்டிக் கண்ணாடியைத் துடைக்கும் வைப்பரைக் கண்டுபிடித்த மேரி ஆண்டர்சனை. ஏன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

அப்பா ராயபுரத்தில் சரக்கு ஏற்றிக்கொண்டு, திருவொற்றியூர் வழியாக எண்ணூர் பக்கம் போய் வருவார். மூக்கு வைத்த பழைய லாரி. நான் எட்டாவது படிக்கும்போது, ஐப்பசி அடைமழையில் ஒருநாள் அந்த வண்டியின் வைப்பர் பாதியில் நின்றுவிட்டது. அன்றைக்கு கிளீனரும் வரவில்லை. அப்பா பீடியைப் பிரித்து, புகையிலைத் தூளைக் கண்ணாடியில் தேய்த்துப் பார்த்தார். பிறகு ஒரு கையில் ஸ்டியரிங், இன்னொரு கையில் பழந்துணி என்று தலையை வெளியே நீட்டியபடி ஓட்டியிருக்கிறார். குறுக்கே வந்த சைக்கிள்காரர் கிட்டத்தில் வந்த பிறகுதான் கண்ணில் பட்டாராம். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் அன்று ராத்திரி அப்பா சாப்பிடவில்லை. ஓனரிடம் சொன்னதற்கு, வருஷத்தில் எத்தனை நாள் மழை பெய்யுது, அதுக்குப் போய் செலவா என்று கேட்டுவிட்டாராம்.

இதே கேள்வியைத்தான் மேரியும் வேறு விதமாகச் சந்தித்தார்.

மேரி ஆண்டர்சன் 1866-ல் அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் பிறந்தார். சிறு வயதிலேயே தந்தையை இழந்தார். 1889-ல் தாயோடும் சகோதரியோடும் பர்மிங்ஹாம் நகருக்குக் குடிபெயர்ந்தார். இரும்பாலைகளால் வளர்ந்துகொண்டிருந்த ஊர் அது. அங்கே அடுக்குமாடி வீடுகள் கட்டி வாடகைக்கு விட்டார். 1893-ல் கலிபோர்னியா போய் மாட்டுப் பண்ணையும் திராட்சைத் தோட்டமும் நடத்திவிட்டு, 1898-ல் திரும்பினார். அவர் இன்ஜினியர் அல்ல. ஆனால் கண்ணைத் திறந்து வைத்திருந்தார்.

1902-03 குளிர்காலத்தில் நியூயார்க் போயிருந்தபோது ஒரு டிராம் வண்டியில் ஏறினார். மழையும் பனியும் கலந்து கொட்டியது. கண்ணாடி மறைத்ததால் டிரைவர் முன் ஜன்னலைத் திறந்து வைத்து ஓட்டினார். பயணிகளும் நடுங்கினார்கள், டிரைவரும் நனைந்தார். எத்தனையோ பேர் பார்த்துப் பழகிப்போன காட்சிதான். மேரி மட்டும் அதோடு விடவில்லை.

ஊர் திரும்பியதும் வரைபடம் போட்டார். வெளியே ரப்பர் பட்டை பொருத்திய ஒரு கை. உள்ளே டிரைவர் பிடித்து ஆட்ட ஒரு லீவர். ரப்பர் கண்ணாடியை விட்டு விலகாமல் இருக்க ஸ்பிரிங். மழை இல்லாத காலத்தில் கழற்றியும் வைக்கலாம். 1903 ஜூன் 18-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். ஃபோர்டு கம்பெனி பதிவானது அதற்கு இரண்டே நாள் முன்புதான்! நவம்பர் 10-ல் 743,801 என்ற எண்ணில் 17 ஆண்டுகளுக்குக் காப்புரிமை கிடைத்தது.

1905-ல் கனடாவில் ஒரு நிறுவனத்திடம் விற்கப் பார்த்தார். வியாபாரத்துக்கு மதிப்பில்லாத பொருள் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். கார்களே அரிதாக இருந்த நேரம் அது. 1920-ல் காப்புரிமைக் காலம் முடிந்தது. அமெரிக்கப் பெண்களுக்கு நாடு முழுவதும் ஓட்டுரிமை அரசியல் சட்டத்தில் இடம்பெற்றதும் அதே 1920-ல்தான். 1922-ல் காடிலாக் கம்பெனி தன் கார்களில் வைப்பரை நிரந்தரமாகப் பொருத்தத் தொடங்கியது. மற்றவர்களும் பின்தொடர்ந்தார்கள். மேரிக்கு இதில் ஒரு காசுகூட வரவில்லை. வீட்டு வாடகையில்தான் வாழ்ந்தார். நம் எண்ணூர் லாரித் தொழிலுக்கு வித்திட்ட அசோக் மோட்டார்ஸ் 1948-ல் தொடங்கியபோது அவருக்கு வயது 82. 1953 ஜூன் 27-ல் தமது 87-வது வயதில் காலமானார். 2011-ல்தான் அமெரிக்காவின் தேசியக் கண்டுபிடிப்பாளர் புகழ்க்கூடத்தில் அவர் பெயரைச் சேர்த்தார்கள்.

போன விடுமுறையில் பெரியப்பாவின் பட்டறைக்கு ஒரு பழைய லாரி வந்தது. பார்த்தால், அப்பா ஓட்டிய அதே வண்டி! சினிமா ஷூட்டிங்குக்கு விட யாரோ வாங்கியிருந்தார்கள். வைப்பர் போட்டால் ஃபியூஸ் போகிறது. மோட்டார் அவுட்டு, புதுசு போடணும் என்றார்கள் எல்லோரும். நான் மோட்டாரிலிருந்து லிங்க் ராடைக் கழற்றிவிட்டு ஓடவிட்டேன். மோட்டார் நன்றாகவே ஓடியது. வைப்பர் கையைக் கையால் திருப்பினால் அசையவில்லை. துரு ஏறி இறுகிப்போயிருந்தது ஸ்பிண்டில்தான். மண்ணெண்ணெயில் ஊறவைத்துக் கழற்றி, எமரி தாள் போட்டு, தேய்ந்த புஷ்ஷுக்குப் பதில் லேத்தில் புதுசு கடைந்து, கிரீஸ் வைத்துப் பூட்டினேன். தளர்ந்த ஸ்பிரிங்கையும் கட்டையாகிப்போன ரப்பரையும் மாற்றினேன். புது மோட்டார் தேவைப்படவே இல்லை. (மோட்டார் மாற்றுகிறவர்கள் வண்டி 12 வோல்ட்டா 24 வோல்ட்டா என்று முதலில் பார்க்கவும்! 12 வோல்ட் மோட்டாரை 24-ல் கொடுத்தால் எரிந்துபோகும்.)

வேலை முடிந்து பார்த்தபோது ஒன்று புரிந்தது. கை, ஸ்பிரிங், ரப்பர் என்று என் கையில் இருந்ததெல்லாம் மேரி 1903-ல் வரைந்தவைதான். ஆட்டுகிற வேலை மட்டும் மோட்டாருக்குப் போயிருக்கிறது.

அப்பாவை வரச் சொன்னேன். பக்கெட்டில் தண்ணீர் எடுத்து அவரே கண்ணாடி மேல் ஊற்றினார். நான் உள்ளே உட்கார்ந்து சுவிட்சைப் போட்டேன். இரண்டு கையும் சேர்ந்து ஆடின. துடைத்த கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அப்பா தெளிவாகத் தெரிந்தார். ஒன்றும் பேசவில்லை. இன்னொரு பக்கெட் ஊற்றினார்.

தோழர்களே, எங்கள் வீட்டில் முதன்முதலாகப் படிக்க வந்தவள் நான். இதில் என்ன லாபம் என்று என் படிப்பைப் பற்றியும் கேட்டவர்கள் உண்டு. நாளைக்கு நம் புராஜெக்டைப் பார்த்தும் அப்படிக் கேட்பார்கள். கேட்கட்டும். மழையில் நனைகிற டிரைவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, நாம் வேலையைத் தொடருவோம்!