கார்னெகி விதித்த நிபந்தனை

சிற்றூர் நூலகங்களுக்கு நிதி எங்கிருந்து வரும் என்ற பேச்சு எழும்போதெல்லாம் ஆண்ட்ரூ கார்னெகியை நினைத்துக்கொள்கிறேன். 1835இல் ஸ்காட்லாந்தில் கைத்தறி நெசவாளரின் மகனாகப் பிறந்தவர். 1848இல் குடும்பத்தோடு அமெரிக்கா சென்று, வாரம் 1.20 டாலர் கூலிக்குப் பஞ்சாலையில் உழைத்தார். வேலைக்குப் போகும் சிறுவர்களுக்காகக் கர்னல் ஆண்டர்சன் சனிக்கிழமைதோறும் திறந்துவைத்த சொந்த நூலகமே அவருக்குக் கல்வி தந்தது.

பின்னாளில் எஃகு அதிபரான கார்னெகி 2,509 நூலகக் கட்டடங்களுக்குப் பணம் கொடுத்தார். அமெரிக்காவில் அவற்றுள் பல சிற்றூர்களில் எழுந்தவை. கொடையைவிட அதன் நிபந்தனையையே நான் பெரிதாக மதிக்கிறேன். மனையை ஊர் தர வேண்டும். கொடைத்தொகையில் பத்தில் ஒரு பங்கை ஆண்டுதோறும் வரிப்பணத்திலிருந்து ஒதுக்கவும் உறுதியளிக்க வேண்டும். 10,000 டாலர் பெற்ற ஊர், ஆண்டுக்கு 1,000 டாலர் தேடியாக வேண்டும். நூல்களும் நூலகர் சம்பளமும் ஊரின் பொறுப்பு.

1892இல் ஹோம்ஸ்டெட் ஆலை வேலைநிறுத்தம் ஒடுக்கப்பட்டதை மறவாத தொழிலாளர்கள் சில ஊர்களில் அந்தப் பணத்தை எதிர்த்தனர். அக்கோபம் நியாயமானதே. நிதி பெற்ற ஊர்களிலும் சில, வாக்களித்த தொகையை ஒதுக்கத் தவறின. புதிய கட்டடங்களுக்கு நிதி தருவதை 1917இல் அவருடைய அறக்கட்டளை நிறுத்தியது. ஈராண்டு கழித்துக் கார்னெகி மறைந்தார்.