வானையும் மனிதரையும் நம்பிய விஞ்ஞானி

1910ஆம் ஆண்டு, ஹாலி வால்நட்சத்திரம் உலகையே அண்ணாந்து பார்க்க வைத்த ஆண்டு. அவ்வாண்டு மே முதல் நாள் அமெரிக்காவின் சிகாகோ நகரில் பிறந்தார் ஜோசப் ஆலன் ஹைனெக். பறக்கும் தட்டு என்றதுமே நினைவுக்கு வரும் பெயராக அது பின்னாளில் விளங்கிற்று.

சிகாகோ பல்கலைக்கழகத்தில் 1935இல் வானியலில் முனைவர் பட்டம் பெற்று, ஒகையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியரானார். விண்மீன்களே அவரது உலகம்.

1947 ஜூன் 24 அன்று, ரெய்னியர் மலையருகே ஒன்பது பொருள்கள் மின்னிக்கொண்டு விரைந்ததைக் கண்டதாகக் கென்னத் ஆர்னால்டு என்னும் விமானி கூறினார். நாளேடுகள் அவற்றைப் பறக்கும் தட்டுகள் என்றன. உழவர், ஓட்டுநர், காவலர் எனப் பலரும் தாம் கண்டவற்றைச் சொல்லத் தொடங்கினர். சோவியத் நாட்டின் புதிய ஆயுதமோ என்ற ஐயம் எழுந்தது. 1948இல் விமானப்படை விசாரணையைத் தொடங்கி, ஹைனெக்கை ஆலோசகராக அழைத்தது. 1952 முதல் அந்த விசாரணை ‘புளூ புக் திட்டம்’ என்று பெயர் பெற்றது.

தொடக்கத்தில் அவர் எதையும் நம்பாதவர். ஒவ்வொரு செய்தியிலும் நாள், நேரம், திசை பார்ப்பார். வெள்ளிக்கோள், எரிகல், வானிலை பலூன் என்று விளக்கம் தருவார். பெரும்பாலானவை அவ்வாறே தீர்ந்தன. சில மட்டும் தீரவில்லை. அனுபவமிக்க விமானிகளும் காவலரும் சொன்னதை எப்படித் தள்ளுவது? அந்த முள் அவர் மனத்தில் தைத்தது.

1966 மார்ச்சில் சோதனை வந்தது. மிச்சிகன் மாநிலத்தில் ஒரு கல்லூரி விடுதி மாணவியர் உட்படப் பலர் விந்தையான ஒளிகளைக் கண்டனர். டெட்ராய்ட் நகரில் நிருபர்கள் சூழ்ந்து நிற்க, அவை சதுப்புநில வாயுவாக இருக்கலாம் என்றார் ஹைனெக். நாடே நகைத்தது. கண்டவர்களோ தாங்கள் அவமதிக்கப்பட்டதாகக் குமுறினர். பின்னாளில் குடியரசுத் தலைவரான ஜெரால்டு ஃபோர்டு, நாடாளுமன்ற விசாரணை கோரினார்.

அதன்பின் ஹைனெக், முறையான அறிவியல் ஆய்வு தேவை என்று வெளிப்படையாக வாதாடினார். ஆயினும் 1969 டிசம்பரில் விமானப்படை திட்டத்தை மூடிவிட்டது. பதிவான 12,618 நிகழ்ச்சிகளில் 701 விளக்கமின்றியே நின்றன. அவர் ஓயவில்லை. 1972இல் நூல் எழுதி, அருகில் கண்ட நிகழ்ச்சிகளை மூவகையாகப் பிரித்தார். மறு ஆண்டில் தனி ஆய்வு மையம் நிறுவினார். அவர் வகுத்த மூன்றாம் வகையின் பெயரே 1977இல் ஸ்பீல்பெர்க்கின் திரைப்படத்துக்குத் தலைப்பாயிற்று.

வேற்றுலகத்தார் வந்ததற்கு உறுதியான சான்று இறுதிவரை அவருக்குக் கிட்டவில்லை. ஹாலி வால்நட்சத்திரம் மீண்டும் வந்த 1986இல், ஏப்ரல் 27 அன்று அவர் மறைந்தார்.

தோழர்களே! ஆய்வகத்தில் எதிர்பார்த்த விடை வராதபோது, ரெக்கார்டு நோட்டில் எண்ணைத் திருத்தக் கை துறுதுறுக்கிறதல்லவா? அப்போது இவரை நினைப்போம். தெரிந்ததைச் சொல்வது கல்வி. தெரியாததைத் தெரியவில்லை என்று ஒப்புக்கொண்டு மேலும் தேடுவதே அறிவியல். தாம் முன்பு சொன்னதையே மாற்றிச் சொல்லும் துணிவு ஹைனெக்குக்கு இருந்தது. அது நமக்கும் வாய்க்கட்டும்!