பரார்த்தம் வரை எண்ணிய அறிஞர்: அல்பீரூனி (ரஹ்)

குர்ஆன் பிரதியைத் திறந்தால் ஒவ்வொரு வசனத்தின் முடிவிலும் சிறு வட்டத்துக்குள் ஓர் எண் இருக்கும். மக்தப் மதரஸாவில் சேர்ந்த சில நாட்களிலேயே பிள்ளைகள் அந்த எண்களைப் படிக்கப் பழகிவிடுகிறார்கள். நாம் அவற்றை அரபு எண்கள் என்கிறோம். அரபு நாடுகளில் அவற்றுக்குப் பெயர் 'அல்அர்காமுல் ஹிந்திய்யா', அதாவது ஹிந்துஸ்தானத்து எண்கள். ஐரோப்பியர்களோ நாம் அன்றாடம் எழுதும் 1, 2, 3 என்பவற்றை அரபு எண்கள் என்கிறார்கள். யாரிடமிருந்து பெற்றார்களோ அவர்களின் பெயரை அவரவர் நன்றியோடு சொல்லி வந்திருக்கிறார்கள்.

இன்று நம் குடும்பக் குழுக்களில் வரும் செய்திகளில் பூஜ்ஜியத்தைக் கண்டுபிடித்ததே முஸ்லிம்கள்தான் என்று அடிக்கடி பார்க்கிறோம். முஸ்லிம்கள் வெறுமனே இரவல் வாங்கியவர்கள் என்று இன்னொரு தரப்பு பரப்புகிறது. இந்த இரண்டுக்கும் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே பதில் எழுதி வைத்தவர் அபூ ரைஹான் முஹம்மது இப்னு அஹ்மது அல்பீரூனி (ரஹ்) அவர்கள்.

குவாரிஸ்மில் பிறப்பு

ஹிஜ்ரி 362, துல்ஹஜ் மாதத்தில் (கி.பி. 973, செப்டம்பர்) குவாரிஸ்ம் நாட்டின் காத் நகரில் பிறந்தார்கள். அந்தப் பகுதி இன்று உஸ்பெகிஸ்தானில் உள்ளது. 'பீரூன்' என்றால் பாரசீகத்தில் வெளிப்புறம். நகருக்கு வெளியே இருந்த பகுதியைச் சேர்ந்தவர் என்பதால் இந்தப் பெயர். அரச குடும்பத்தைச் சேர்ந்த கணித அறிஞர் அபூ நஸ்ர் மன்சூர் இப்னு இராக் அவர்களுக்கு ஆசிரியராக வாய்த்தார்.

995-இல் குவாரிஸ்மில் ஆட்சி கவிழ்ந்தது. இளைஞரான அல்பீரூனி ஊரைவிட்டு வெளியேறினார்கள். ரய், ஜுர்ஜான் என்று அலைந்த காலத்திலும் படிப்பு நிற்கவில்லை. 997-இல் ஒரு சந்திர கிரகணத்தைத் தாம் குவாரிஸ்மிலும், அறிஞர் அபுல் வஃபா பாக்தாதிலுமாகப் பார்த்து, நேர வித்தியாசத்தை வைத்து இரு ஊர்களின் தீர்க்கரேகை இடைவெளியைக் கணக்கிட்டார்கள். சுமார் 1000-ஆம் ஆண்டில், பல்வேறு சமூகங்களின் நாட்காட்டிகளை ஒப்பிடும் 'அல்ஆஸாருல் பாக்கியா' என்ற நூலை எழுதினார்கள்.

சதுரங்கப் பலகையில் ஒரு பேரெண்

அந்த நூலில் ஒரு கணக்கு வருகிறது. சதுரங்கப் பலகையின் முதல் கட்டத்தில் ஒன்று, அடுத்ததில் இரண்டு, பிறகு நான்கு, எட்டு என்று இரட்டித்துக்கொண்டே போனால் 64 கட்டங்களின் கூட்டுத்தொகை என்ன? விடை 18,446,744,073,709,551,615. இருபது இலக்கங்கள்.

இதை வாயால் எப்படிச் சொல்வது? அரபியில் எண்ணின் பெயர் 'அல்ஃப்' (ஆயிரம்) என்பதோடு முடிந்துவிடும். அதற்கு மேல் 'அல்ஃபு அல்ஃப்', ஆயிரம் ஆயிரம், என்று அடுக்க வேண்டியதுதான். எழுத்துகளுக்கு மதிப்புக் கொடுக்கும் அப்ஜத் முறையிலும் கடைசி எழுத்தான 'கைன்' ஆயிரத்தோடு நின்றுவிடும். பிஸ்மிக்குப் பதிலாக 786 என்று எழுதும் பழக்கம் இந்த அப்ஜத் கணக்கில் வந்ததுதான். அதற்கு மார்க்கத்தில் ஆதாரம் உண்டா என்பது தனி விவாதம்.

ஹிந்துஸ்தானத்து எண்முறையிலோ ஒன்பது குறிகளும் ஒரு பூஜ்ஜியமும் போதும். எவ்வளவு பெரிய எண்ணும் ஒரே வரியில் அடங்கிவிடும். அல்பீரூனி அவர்கள் அந்த முறையில் எழுதினார்கள். பிறகு, எண்ணின் அளவு வாசகர் மனத்தில் பதிய வேண்டும் என்பதற்காக அந்தத் தொகையைப் பணப்பைகளாக, கோவேறு கழுதைச் சுமைகளாக, மந்தைகளாக, பள்ளத்தாக்குகளாகப் பிரித்துக்கொண்டே போய், கடைசியில் 2,305 மலைகளில் கொண்டுவந்து நிறுத்தினார்கள்.

கஜ்னாவும் ஹிந்துஸ்தானமும்

1017-இல் சுல்தான் மஹ்மூத் கஜ்னவி குவாரிஸ்மைக் கைப்பற்றினார். அங்கிருந்த அறிஞர்களோடு அல்பீரூனி அவர்களும் கஜ்னாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டார்கள். அப்போது வயது 44. விரும்பிப் போன இடமல்ல. ஆனால் சுல்தானின் ஆட்சி பஞ்சாப் வரை விரிந்திருந்ததால் ஹிந்துஸ்தானத்துக் கல்வியின் வாசல் அவர்களுக்குத் திறந்தது. அந்த வயதில் சமஸ்கிருதம் கற்கத் தொடங்கினார்கள்.

இன்று சென்னையில் ஒருவர் சமஸ்கிருத எண்களைக் கற்க நினைத்தால் மயிலாப்பூரில் 1906-இல் தொடங்கிய சமஸ்கிருதக் கல்லூரி இருக்கிறது. ஓலைச்சுவடி பார்க்க வேண்டுமானால் 1886-இல் நிறுவப்பட்ட அடையாறு நூலகம் இருக்கிறது. அல்பீரூனி அவர்களுக்கு இப்படி எதுவும் இல்லை. கைப்பணத்தைச் செலவழித்து நூல்களைத் தேடி வாங்கினார்கள். தெரிந்தவர்களைத் தொலைவிலிருந்து வரவழைத்துக் கேட்டார்கள். ஒரே பொருளுக்குப் பல சொற்கள், ஒரே சொல்லுக்குப் பல பொருள்கள் என்று மொழி அவர்களைத் திணறடித்தது.

மொழியைவிடப் பெரிய தடை ஒன்றும் இருந்தது. சுல்தானின் படையெடுப்புகளால் அந்த நாட்டு மக்களின் மனம் புண்பட்டிருந்தது. தம்மை ஆண்ட அரச குடும்பத்தைப் பற்றியே எழுதுகிறோம் என்று தெரிந்தும், அந்தப் படையெடுப்புகள் நாட்டின் செழிப்பைச் சிதைத்தன, அதனால்தான் அங்குள்ள கல்விமான்கள் காஷ்மீர், காசி போன்ற தொலைவூர்களுக்கு விலகிப் போனார்கள் என்று அல்பீரூனி அவர்கள் பதிவு செய்தார்கள். பிறரை மதிக்காத செருக்கு அந்தப் பண்டிதர்களிடம் இருந்ததையும் மறைக்கவில்லை.

பதினெட்டு தானங்கள்

1030-ஆம் ஆண்டு வாக்கில் 80 அத்தியாயங்களோடு 'கிதாபுல் ஹிந்த்' உருவானது. அதில் எழுத்தும் கணக்கும் பற்றிய பகுதியில், எல்லாச் சமூகத்தாரும் பத்துப் பத்தாகவே எண்ணுகிறார்கள், ஆனால் ஆயிரத்துக்கு மேலும் தனித்தனிப் பெயர் வைத்துப் போனவர்கள் ஹிந்துக்கள்தான் என்று எழுதி, பதினெட்டு தானங்களையும் வரிசையாகத் தருகிறார்கள்:

ஏகம், தசம், சதம், சகஸ்ரம், அயுதம், லட்சம், பிரயுதம், கோடி, நியர்புதம், பத்மம், கர்வம், நிகர்வம், மகாபத்மம், சங்கு, சமுத்திரம், மத்தியம், அந்தியம், பரார்த்தம்.

ஒவ்வொன்றும் முந்தியதைப்போல் பத்து மடங்கு. பரார்த்தம் என்றால் ஒன்றுக்குப் பின் 17 பூஜ்ஜியம். சதுரங்கப் பலகையின் தொகை இதையும் தாண்டி 184 பரார்த்தத்துக்கு மேல் போகிறது!

பெயர்களை எழுதியதோடு அவர்கள் நிற்கவில்லை. இத்தனை பெரிய எண்கள் எதற்குத் தேவைப்பட்டன என்று தேடி, ஹிந்து சமயத்தின் காலக் கணக்கே காரணம் என்று கண்டார்கள். ஒரு கல்பம் என்பது 432 கோடி ஆண்டுகள். பிரம்மகுப்தரின் கணக்கில் அதன் நாட்கள் 1,57,791 கோடியே 64 லட்சத்து 50 ஆயிரம். இதைப் பேசக் கோடிக்கு மேலும் பெயர் வேண்டும். அந்த நம்பிக்கையை ஈமானுள்ள ஒரு முஸ்லிம் ஏற்க முடியாது. அவர்களும் ஏற்கவில்லை. ஆனால் கேலி செய்யவும் இல்லை, கணக்கில் ஒரு நாளைக்கூடக் கூட்டிக் குறைக்கவும் இல்லை.

இந்தப் பெயர்களில் ஒற்றுமை இல்லை என்பதையும் கவனித்தார்கள். ஆரியபட்டரின் நூலில் லட்சத்துக்கு 'நியுதம்' என்று பெயர். சிலர் பதினெட்டுக்கு மேலும் ஒரு தானத்தைச் சேர்த்தார்கள். இந்த மாற்றம் இன்று வரை தொடர்கிறது. இப்போதைய ஹிந்தியில் ஹஜார், லாக், கரோட், அரப், கரப், நீல், பத்ம, ஷங்க் என்று போகும். சமஸ்கிருதத்தில் பத்து மடங்குக்கு ஒரு பெயர். ஹிந்தியில் ஆயிரத்துக்கு மேல் நூறு மடங்குக்கு ஒரு பெயர். இடைப்பட்டதற்கு 'தஸ்' (பத்து) சேர்த்துக்கொள்வார்கள். அதனால் அல்பீரூனி அவர்களின் பட்டியலில் 100 கோடியாக இருந்த பத்மம், இன்று ஹிந்தியில் பத்துக் கோடி கோடியாகிவிட்டது. 'அரப்' என்பது 100 கோடி. ஒலி ஒத்திருந்தாலும் அரபு நாட்டுக்கும் அதற்கும் தொடர்பில்லை, 'அற்புதம்' என்ற சமஸ்கிருத எண்ணுப்பெயரின் திரிபு அது. ஆனால் 'ஹஜார்' பாரசீகச் சொல்.

தி.நகர் நகைக்கடை ரசீதில் 1,00,000 என்று முதலில் மூன்று இலக்கம், பிறகு இரண்டிரண்டாகக் காற்புள்ளி இடுவதும் இந்த நூறு மடங்குக் கணக்கால்தான். உலகின் பிற பகுதிகளில் 100,000 என்று மும்மூன்றாகப் பிரிப்பார்கள். துபாயில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகளுக்கு இந்த வேறுபாடு நன்றாகத் தெரியும்.

சொல்லால் எழுதிய எண்

இன்னொரு விந்தையையும் கிதாபுல் ஹிந்த் விளக்குகிறது. சமஸ்கிருத வானியல் நூல்கள் செய்யுளில் இருந்தன. செய்யுளில் எண்களைப் பொருத்த, பொருள்களின் பெயரையே எண்ணாக வைத்தார்கள். சந்திரன் என்றால் ஒன்று, கண் என்றால் இரண்டு, அக்னி என்றால் மூன்று, வேதம் என்றால் நான்கு, ஆகாயம் என்றால் பூஜ்ஜியம். படிக்கும்போது ஒன்றின் தானத்திலிருந்து தொடங்க வேண்டும். 'ஆகாயம், அக்னி, ஆகாயம், சந்திரன்' என்றால் 1030. இது தெரியாதவர் அந்த நூல்களைத் தொடவே முடியாது என்பதால், அடுத்து வரும் முஸ்லிம் மாணவர்களுக்காக அந்தச் சொற்களைப் பட்டியலிட்டு வைத்தார்கள்.

இவ்வெண்களை முஸ்லிம் உலகுக்குக் கற்பித்தவர்களில் முந்தியவர், இரண்டு நூற்றாண்டு மூத்தவரான அல்குவாரிஸ்மி (ரஹ்) அவர்கள். அவர்களும் ஹிந்துஸ்தானத்துக் கணக்கு என்றே சொன்னார்கள். சூன்யம் என்பதை அரபியர் 'ஸிஃப்ர்' (வெறுமை) என்றார்கள். அது ஐரோப்பாவுக்குப் போய், ஆங்கிலத்தின் வழியே தமிழுக்கு 'சைபர்' என்று திரும்பி வந்தது. கொடுத்தவர்கள், காத்து வளர்த்தவர்கள், கொண்டு சேர்த்தவர்கள் என அனைவருக்கும் அதில் பங்கு உண்டு. அல்பீரூனி அவர்கள் வாங்கியதோடு திருப்பியும் கொடுக்க முயன்றார்கள். யூக்ளிடின் வடிவியலையும் தாலமியின் வானியலையும் ஹிந்துஸ்தானத்து மக்களுக்காக சமஸ்கிருதத்தில் ஆக்கும் வேலையில் ஈடுபட்டார்கள்.

கடைசிக் கணக்கு

சுல்தான் மஹ்மூதுக்குப் பின் வந்த மஸ்ஊதின் பெயரில் 'அல்கானூனுல் மஸ்ஊதி' என்ற வானியல் பெருநூலை எழுதினார்கள். பரிசாக வந்த யானைச் சுமை வெள்ளியைத் தமக்குத் தேவையில்லை என்று திருப்பி அனுப்பியதாகச் சொல்லப்படுகிறது. வாழ்நாளில் நூற்றுக்கும் அதிகமான நூல்களை எழுதினார்கள். மிகப் பல இன்று கிடைக்கவில்லை.

ஹிஜ்ரி 440 (கி.பி. 1048) வாக்கில் கஜ்னாவில் வஃபாத் ஆனார்கள். அந்த நேரத்தைப் பற்றி யாகூத் அவர்களின் வரலாற்று நூலில் ஒரு செய்தி உண்டு. மூச்சு வாங்கிக் கிடந்தவரைப் பார்க்க ஒரு மார்க்கச் சட்ட அறிஞர் வந்தார். வாரிசுரிமையில் பாட்டிமார்களின் பங்கு பற்றி முன்பு பேசிய ஒரு கணக்கை விளக்கும்படி அல்பீரூனி அவர்கள் கேட்டார்கள். இந்த நிலையிலா என்று வந்தவர் தயங்கினார். அறியாமல் போவதைவிட அறிந்து போவது மேல் என்பது நோயாளியின் பதிலாக இருந்தது. விளக்கத்தைக் கேட்டு, மனத்தில் பதித்துக்கொண்டார்கள். அந்த அறிஞர் வெளியேறித் தெருவில் நடந்துகொண்டிருக்கும்போதே வீட்டிலிருந்து அழுகுரல் கேட்டது.

பரார்த்தம் வரை எண்ணத் தெரிந்தவர், தமக்குத் தெரியாத ஒரு சிறு பங்குக் கணக்கைக் கேட்டுக்கொண்டு இவ்வுலகை விட்டுப் போனார்கள். அடுத்த முறை பூஜ்ஜியம் யாருடையது என்ற செய்தி நம் கைபேசிக்கு வரும்போது, அனுப்புவதற்கு முன் நம் பிள்ளைகளுக்கு இவர்களின் வரலாற்றைச் சொல்வோம். பிறரின் கல்வியை நேர்மையோடு ஏற்று, கொடுத்தவரின் பெயரை மறைக்காமல் சொல்லும் பண்பை அல்லாஹ் நமக்கும் நம் சந்ததிகளுக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.